இடாப்பில் பெயர் இருக்கிறது, பெட்டியில் வாக்கு இல்லை

எட்டு மாதங்களுக்குள் நமது நாடு மூன்று தேர்தல்களைக் கண்டது. 2024 செப்டெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 இல் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல். யார் வென்றார், யார் தோற்றார், எந்தக் கட்சி சரிந்தது என்று பள்ளிவாசல் முன்றலிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் வேண்டிய அளவு பேசிவிட்டோம். யார் வரவில்லை என்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 பேர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள். 79.46 சதவீதமானோர் வாக்களித்தார்கள். அதற்கு 54 நாட்களுக்குப் பின்னர், அதே எண்ணிக்கையான வாக்காளர்களோடு பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. வாக்களித்தோர் 68.93 சதவீதம். சுமார் 18 இலட்சம் பேர் இரண்டு மாதத்துக்குள் காணாமல் போய்விட்டார்கள். மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் அது 60 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. அதிலும் நாட்டிலேயே மிகவும் பின்தங்கிய இடங்களில் ஒன்று கொழும்பு மாவட்டம்.

கொழும்பு என்றால் புதுக்கடை, மருதானை, மாளிகாவத்தை, தெமட்டகொட, கொம்பனித்தெரு, மட்டக்குளி என்று நமது மக்கள் செறிந்து வாழும் இடங்களும் சேர்ந்ததுதான். ஆகவே இது நம்முடைய பிரச்சினை.

நான் பாடசாலை ஆசிரியன். வரலாறும் குடியியலும் கற்பிக்கிறேன். மற்ற ஆசிரியர்களைப் போலவே தேர்தல் கடமைக்கும் போய் வருகிறேன். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது அவரவர் மனச்சாட்சி. வாக்களிக்காமல் இருப்பது யாரையும் சாராத நடுநிலை என்ற எண்ணம் நமது நகரத்து இளைஞர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் பிழை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சிறிய தேர்தல், பெரிய வாக்கு

கொழும்பு மாநகர சபையை எடுத்துக்கொள்வோம். 2025 மே தேர்தலில் 117 ஆசனங்களில் 48 ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் மாதம் மேயரைத் தெரிவுசெய்ய உறுப்பினர்கள் வாக்களித்தபோது முடிவு 61 க்கு 54. நாட்டின் முதன்மையான மாநகரத்தை யார் நிர்வகிப்பது என்பது ஏழு உறுப்பினர்களின் வித்தியாசத்தில் முடிந்தது. அந்த முடிவு எமக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு விடயம். ஓரிரு வட்டாரங்களில் வாக்களிப்பு கூடியிருந்தாலும் சபையின் கணக்கு வேறு மாதிரி அமைந்திருக்க இடமிருந்தது. எந்தப் பக்கம் என்பது கேள்வியல்ல. வராதவர்களுக்கு அதில் பங்கில்லை, அவ்வளவுதான்.

உள்ளூராட்சித் தேர்தல் முறையில் ஓர் உறுப்பினர் ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பாக வருகிறார். ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்கு 1 கோடியே 36 இலட்சத்தில் ஒன்று. வட்டாரத்தில் அது சில ஆயிரங்களில் ஒன்று. அடுக்குமாடியின் ஒரு தொகுதியில் உள்ள இளைஞர்கள் சேர்ந்து போனாலே முடிவைப் பாதிக்கலாம். ஆனால் நாம் செய்வது தலைகீழாக இருக்கிறது. வாக்கின் பாரம் குறைந்த தேர்தலுக்கு ஆர்வமாகப் போகிறோம். பாரம் கூடிய தேர்தலுக்கு வீட்டில் இருந்துவிடுகிறோம்.

மாநகர சபை என்ன செய்கிறது என்று மாணவர்களிடம் கேட்டால் "குப்பை எடுக்கும் ஸேர்" என்பார்கள். அது மட்டுமல்ல. கர்ப்பிணித் தாய்மார் போகும் கிளினிக், மழைக்கு நிரம்பும் கான், டெங்குப் பரிசோதனை, வாசிகசாலை, விளையாட்டு மைதானம், நடைபாதை, சந்தை எல்லாமே அங்கேதான் தீர்மானமாகின்றன. பரீட்சைக்குப் படிக்கச் சிறிய வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கு வாசிகசாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது சின்ன விடயமல்ல.

குப்பை என்றாலும் அது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அங்கே கொட்டப்பட்டது கொழும்பு நகரத்தின் குப்பை. அதன் கீழே வாழ்ந்தவர்களோ கொலன்னாவைப் பக்கத்து மக்கள். கொழும்பு மாநகர சபையைத் தெரிவுசெய்ய அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. வருடக் கணக்காக ஆர்ப்பாட்டம் செய்தார்கள், முறையிட்டார்கள். தமது வாழ்வைத் தீர்மானிக்கும் சபையில் வாக்கில்லாத மக்களின் நிலை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. கொழும்பு நகருக்குள் வாழும் நமக்கு அந்த வாக்கு இருக்கிறது. இருந்தும் அது இல்லாதவர்களைப் போல நடந்துகொள்கிறோம்.

இளைஞர்கள் சொல்லும் காரணங்கள்

வாக்களிக்காத இளைஞர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது இலகு. அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். நான் கேட்ட வரையில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, "நாங்க ஒரு பக்கம் போடுறோம், அவங்க மத்தப் பக்கம் பாயுறாங்க." இதை மறுக்க முடியாது. 2020 ஒக்டோபர் 22 அன்று 20 ஆவது திருத்தம் நிறைவேறியபோது, எதிரணியில் இருந்து தெரிவான முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வலி நமது இளைஞர்களின் மனதில் இன்னும் ஆறவில்லை. ஆனால் இதற்கு மருந்து வீட்டில் இருப்பதா? ஏமாற்றிய உறுப்பினரைத் தண்டிக்க வாக்காளரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அடுத்த தேர்தல்தான். ஏமாற்றமடைந்தவர் வராமல் விட்டால் அந்த உறுப்பினருக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. கோபப்பட்டவர் வரமாட்டார், ஆதரவாளர் மட்டும் வருவார்.

மக்கள் தண்டிக்க முடியும் என்பதற்கும் சான்று கண் முன்னே இருக்கிறது. 2020 பாராளுமன்றத் தேர்தலில் மூன்றே ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்தி 2024 இல் 159 ஆசனங்கள் பெற்றது. பல தசாப்தங்களாக அசைக்க முடியாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த மாற்றம் நல்லதா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் "வாக்குப் போட்டு எதுவும் மாறாது" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, "வாக்குப் போடுவதைவிட வீதிக்கு இறங்கினால்தான் வேலை நடக்கும்." 2022 அரகலய தந்த நம்பிக்கை இது. காலிமுகத்திடலில் எல்லா இனத்து இளைஞர்களும் ஒன்றாக நின்றார்கள், நோன்பு திறந்தார்கள், ஒரு ஜனாதிபதி பதவியை விட்டுப் போனார். ஆனால் அடுத்த ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது யார்? 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் 134 உறுப்பினர்களின் வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்க தெரிவானார். அந்தப் பாராளுமன்றம் 2020 ஓகஸ்டில் மக்கள் தெரிவுசெய்த பாராளுமன்றம். திடலில் இரவு பகலாக இருந்தவர்களுக்கு அன்று அந்த மண்டபத்துக்குள் ஒரு வாக்கும் இருக்கவில்லை. வீதியால் ஒருவரைப் போகச் செய்ய முடிந்தது. யார் வருவது என்பதை இரண்டு வருடங்களுக்கு முன்னர் போட்ட வாக்கு தீர்மானித்தது.

மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது. இதுதான் உண்மையில் பெரியது, இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். "பேர் ஊரில இருக்கு ஸேர், நான் இங்க கடையில நிக்கிறேன்." புறக்கோட்டைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள், போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள், நகர அபிவிருத்தி என்ற பெயரில் பழைய தோட்டங்களில் இருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் ஆகியோரின் நிலை இது. 2025 மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை. வாரத்தின் நடுவில் கடையைப் பூட்டிவிட்டுக் காத்தான்குடிக்கோ அக்கரைப்பற்றுக்கோ போய் வரச் சொல்லி எத்தனை முதலாளிமார் விட்டார்கள்?

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக நாட்டை விட்டுப் போனார்கள். கட்டாரிலும் சவூதியிலும் டுபாயிலும் இருப்பவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க நமது சட்டத்தில் இன்னும் வழியில்லை. அவர்களில் பலரின் பெயர்கள் இடாப்பில் இருக்கின்றன. எனவே வராதவர்கள் எல்லோரும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே இருப்பவர்கள் வாக்களிக்க வேண்டிய தேவை அதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கோடு விழாத பெயர்கள்

வாக்களிப்பு நிலையத்துக்குள் கட்சிகளின் முகவர்கள் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அவர்கள் கையில் இடாப்பின் பிரதி இருக்கும். உத்தியோகத்தர் பெயரைச் சத்தமாக வாசிக்கும்போது அவர்களும் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது அந்த மேசையில் இருக்கும் எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும்.

மாலை நான்கு மணிக்குக் கதவு மூடப்படும்போது அந்தப் பிரதியில் எந்தத் தெருவில், எந்தத் தோட்டத்தில், எந்த மாடியில் கோடுகள் நிறைந்திருக்கின்றன, எங்கே வெறுமையாக இருக்கின்றன என்பது தெளிவாகத் தெரியும். தேர்தல் கடமையில் இதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்பதை அரசியல்வாதிக்குச் சொல்லும் வரைபடம் அதுதான். கோடு விழாத தெருவுக்குக் கான் திருத்த ஏன் வர வேண்டும்? அங்கே இழப்பதற்கு வாக்கும் இல்லை, பெறுவதற்கு வாக்கும் இல்லை.

"எங்கட பக்கத்துக்கு யாரும் வாறதில்ல" என்ற முறைப்பாடும், "நாங்க வாக்குப் போடப் போறதில்ல" என்ற பெருமையும் ஒரே வீட்டில் இருந்து வரும்போது, இரண்டுக்கும் இடையில் இருக்கும் தொடர்பை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பைக் காட்டுவதற்காக வாக்களிக்காமல் விடுவோம் என்பவர்களுக்கும் நமது நாட்டு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலேயே அது முன்னோடி. அந்த முதல் தேர்தலையே, பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. அவர்கள் படித்தவர்கள், நேர்மையானவர்கள், நோக்கமும் உயர்ந்தது. ஆனால் தென்னிலங்கை காத்திருக்கவில்லை. அரசாங்க சபை கூடியது, அமைச்சர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. வெற்றுக் கதிரை எந்தப் பிரேரணைக்கும் எதிராக வாக்களிக்கவில்லை.

வாக்களிக்க மக்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்கு நமது சமூகத்திலேயே சான்று உண்டு. 1990 இல் வடக்கில் இருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வாழும் மக்களில் பலருக்கு வாக்கு மன்னாரில். 2019 நவம்பர் 16 அன்று அவர்களை ஏற்றிச் சென்ற பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் போகும்போது வீதியில் டயர் எரிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூடும் நடத்தப்பட்டது. அல்லாஹ்வின் உதவியால் உயிரிழப்பு ஏற்படவில்லை. அவர்கள் பயணத்தைத் தொடர்ந்து வாக்களித்தார்கள். நகரத்தில் இருக்கும் நமக்கு வாக்களிப்பு நிலையம் பெரும்பாலும் பக்கத்துப் பாடசாலையில் இருக்கிறது.

வந்தும் வீணாகும் வாக்குகள்

வந்தவர்களின் வாக்கும் முழுமையாக எண்ணப்படுவதில்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்து 67 ஆயிரத்து 240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 3 இலட்சத்து 300. ஒரு மாதிரி அடையாளமிட்டுப் பழகிய கை, இரண்டு மாதத்துக்குள் வேறு மாதிரி அடையாளமிட வேண்டி வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு ஒழுங்கு எழுதலாம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விரும்பினால் மூன்று வேட்பாளர்கள் வரை அவர்களின் இலக்கத்தின் மீது புள்ளடி. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி. இதை யார் நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. முதல் இருவரையும் தவிர்த்து ஏனைய வேட்பாளர்களுக்குச் சுமார் 33 இலட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்குகளில் இருந்து அனுர குமார திசாநாயக்கவுக்கு 105,264 விருப்பு வாக்குகளும் சஜித் பிரேமதாசவுக்கு 167,867 விருப்பு வாக்குகளும் சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம். மீதி 30 இலட்சம் பேரின் குரல், இறுதிப் போட்டியில் யார் வர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே முடிந்துவிட்டது. சிலர் வேண்டுமென்றே அப்படி விட்டிருப்பார்கள். எத்தனை பேர் இரண்டாவது இலக்கம் எழுதலாம் என்பதையே அறியாமல் விட்டார்கள்?

என்ன செய்யலாம்?

வாக்களிப்பு என்பது தேர்தல் தினத்தில் தொடங்கும் காரியமல்ல. அது இடாப்பில் தொடங்குகிறது. பெப்ரவரி 1 ஆம் திகதி எங்கே வசிக்கிறீர்கள் என்பதை வைத்து வருடாந்த இடாப்பு தயாராகிறது. 2021 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பிறகு, அந்தத் திகதிக்குப் பின்னர் 18 வயதை அடையும் பிள்ளைகளும் துணை இடாப்புகளில் சேர முடியும். அடுத்த வருடம் வரை காத்திருக்கத் தேவையில்லை. தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். இடம் மாறியிருந்தால் புதிய முகவரியில் பதிய வேண்டும்.

கொழும்பில் வருடக் கணக்காக வாழ்பவர்கள் "ஊர் வாக்கு" என்ற பாசத்தில் அங்கேயே பெயரை வைத்துவிட்டு, இங்கும் இல்லை அங்கும் இல்லை என்று இருப்பதை ஒருமுறை யோசிக்க வேண்டும். உங்கள் பிள்ளை படிப்பதும், உம்மா மருந்து எடுப்பதும், மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் இங்கே என்றால், வாக்கும் இங்கே இருப்பதுதான் நியாயம். ஊரில்தான் வாக்கு வேண்டும் என்றால் தேர்தலுக்குத் தேர்தல் போய்த்தான் ஆக வேண்டும்.

தொழில் கொடுப்போருக்கு ஒரு வார்த்தை. வாக்களிக்கச் சம்பளத்துடன் லீவு கொடுப்பது தயவல்ல, கடமை. 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாட்கள். நமது வர்த்தக சங்கங்கள் இதைத் தமது அங்கத்தவர்களுக்கு ஒரு கடிதமாக அனுப்பினால் போதும். கேட்கப் பயப்படும் கடைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் எந்த வேட்பாளரையும் மிம்பரில் ஏற்றத் தேவையில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு மஹல்லாவின் இளைஞர்கள் இரண்டு பேரை ஒரு மேசையோடு உட்காரவைத்து, வருபவர்களின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று தொலைபேசியில் பார்த்துச் சொல்லச் செய்தால் போதும். பெண்களுக்கு மத்ரஸாக்களிலும் தாய்மார் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம்.

எனது சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 18 வயதின் வாசலில் நிற்கிறார்கள். மாணவர் பாராளுமன்றத் தேர்தலை வெறும் கைதூக்கலாக நடத்தாமல், உண்மையான வாக்குச்சீட்டு மாதிரி அச்சிட்டு, மூன்று வகைத் தேர்தலிலும் எப்படி அடையாளமிடுவது என்று ஒரு பாடவேளையில் செய்து காட்டுங்கள். நிராகரிக்கப்பட்ட வாக்குகளை அவர்கள் கையாலேயே எண்ண வையுங்கள். பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் சொல்வதைவிட அது மனதில் நிற்கும்.

வாக்கு ஓர் அமானிதம் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அமானிதத்தைத் தவறான இடத்தில் ஒப்படைப்பது குற்றம் என்றால், அதை எடுக்காமலே விட்டுவிடுவதும் யோசிக்க வேண்டிய விடயம்தான்.

மாகாண சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் பல வருடங்களாகக் கிடக்கின்றன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியைக் காரணம் காட்டித் தள்ளிப்போனதையும், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மறக்க வேண்டாம். தேர்தலைத் தள்ளிப்போடும்போது உரிமை போய்விட்டதே என்று கொதித்தோம். அது நடந்தபோது பத்தில் நான்கு பேர் வரவில்லை. மக்கள் தேடாத தேர்தலைத் தள்ளிப்போட எந்த அரசாங்கமும் பயப்படாது.

அடுத்த தேர்தல் எது, எப்போது என்று அறிவித்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டில் 18 வயதைத் தாண்டிய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் இடாப்பில் இருக்கிறது, எந்த முகவரியில் இருக்கிறது என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால், நாளைக் காலை கிராம உத்தியோகத்தரின் காரியாலயத்துக்குப் போக வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.